மரத்திற் படிந்த கறை

கிரேக்க மகாகவியாகிய ஹோமரின் பெயரால் வழங்கும் ஒடிசி என்னும் காவியத்தில், 22ஆம் பகுதியிலே, ஓர் அரண்மனைக் கூடம் கழுவப்படும் காட்சி வருகின்றது. இருபதாண்டு கழித்து வீடு திரும்பிய ஒடிசியசு, தன் மனைவியை மணக்கக் கருதித் தன் செல்வத்தையே உண்டு களித்திருந்த கூட்டத்தாரை அக்கூடத்தில் வைத்தே கொன்று முடிக்கிறான். விருந்துக்கென இட்ட மேசைகளும் இருக்கைகளும் குருதியில் நனைந்து கிடக்கின்றன. பகைவரோடு கூடியிருந்த குற்றத்திற்காகப் பணிப்பெண்கள் பன்னிருவர் அங்கே கொண்டுவரப்படுகின்றனர். அவர்கள் பிணங்களை வெளியே சுமக்க வேண்டும். பின்னர் நீரும் துளை நிறைந்த கடற்பஞ்சுங் கொண்டு மேசைகளையும் இருக்கைகளையும் துடைக்க வேண்டும். தரையை ஆடவர் கருவி கொண்டு சுரண்டுகின்றனர். சுரண்டியதைப் பெண்கள் அள்ளிச் செல்கின்றனர். கூடம் தூய்மையானதும் அப்பெண்கள் பன்னிருவரும் தூக்கிலிடப்படுகின்றனர்.

இக்காட்சியின் நீதி அநீதி பற்றிப் புலவர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வந்திருக்கின்றனர். வீட்டு வேலையின் வரலாற்றை ஆராய்வோர்க்கோ இதில் வேறொரு செய்தியும் உண்டு. பூச்சு எதுவும் இல்லாத மரத்திற் கறை படிந்தால் அதனைப் போக்கப் பழைய உலகம் அறிந்திருந்த வழிகள் இரண்டும் இங்கே ஒருங்கே காணப்படுகின்றன: ஒன்று நனைத்துத் துடைத்தல், மற்றது சுரண்டி எடுத்தல். மரத்தை அப்படியே விட்டுக் கறையின் இயல்பை மட்டும் மாற்றிவிடும் மூன்றாவது வழியொன்று உண்டு என்பதை இரசாயன நூலார் தெளிவாக விளக்குவதற்கு, அக்காவியம் தோன்றியபின் இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் செல்ல வேண்டியிருந்தது.

வார்னிசோ எண்ணெயோ மெழுகோ பூசிய மேசையில் தேநீர் சிந்தினால், பெரும்பாலும் பூச்சின் மேலேயே நிற்கும். பூச்சு மரத்துக்கு ஒரு தோல் போன்றது. வெறுமரத்துக்கு அத்தோல் இல்லை. மரம் உயிருடன் நின்ற காலத்தில் வேரிலிருந்து இலைக்கு நீரைக் கொண்டுசென்ற நுண்குழாய்கள், பலகையாக அறுத்த பின்னரும் திறந்த வாயுடன் இருக்கின்றன. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல அவை தம்மேல் விழுந்ததை உறிஞ்சிக்கொள்ளும். ஆதலால் வெறுமரத்தின் கறை மரத்தின் மேல் இருப்பதன்று. மரத்தின் உள்ளே இருப்பது. எண்ணெய்க்கறை துளைகளில் தங்கி நிற்கும். குருதியில் உள்ள புரதம் வெந்நீர் பட்டால் உறைந்து நார்களைப் பற்றிக்கொள்ளும். அதனாலேதான் குருதிக்கறைக்குக் குளிர்ந்த நீரை வார்க்கும்படி முதியோர் கூறுவர். திராட்சை மதுவும் பழச்சாறும் தம் சாயத்தை நாருக்குள் ஏற்றிவிடும். இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. அஃது இரும்பினால் வரும் கருங்கறை. அதன் கதை பின்னர் வரும்.

உரோமப் புலவர் ஓவிட், ஏழை முதிய தம்பதியர் வீட்டுக்குத் தெய்வங்கள் விருந்தினராக வந்த கதையைப் பாடியிருக்கிறார். மேசையின் ஒரு கால் குட்டையாக இருந்தமையால் உடைந்த ஓடொன்றை அதன் கீழே வைத்துச் சமப்படுத்திய பின், அம்மூதாட்டி பச்சைப் புதினா இலைகளால் மேசையைத் துடைத்தாள் என்பது கதை. புதினா கறையை எவ்வளவு நீக்கியிருக்கும் என்பது ஐயமே. மணத்தை ஏற்றியிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஏழையின் வெறுமர மேசைக்கு வேறு மினுக்கம் ஏது?

ஐரோப்பாவின் சமையற்கட்டுகளிலும் பாற்பண்ணைகளிலும் நூற்றாண்டுகள் பலவாக மேசைகள் வெறுமரமாகவே விடப்பட்டன. அது வறுமையால் மட்டும் நேர்ந்ததன்று. மா பிசைவதும் இறைச்சி வெட்டுவதும் மேசைமேல் நடந்தன. கொதிக்கும் பாத்திரத்தை இறக்கி வைத்தால் பூச்சு உருகும். கத்தி பட்டால் உரியும். உரிந்தது உணவிற் கலக்கும். ஆதலால் பெரிய மாளிகைகளிற்கூட, மேல்மாடியில் இருந்த மேசை கண்ணாடிபோல் மின்ன, கீழ்க்கட்டில் இருந்த மேசை பூச்சறியாததாக இருந்தது. இங்கிலாந்தில் இதற்கெனச் சிக்கமோர் என்னும் வெண்மரத்தை விரும்பினர். உணவுக்கு மணமோ சுவையோ ஏற்றாத மரம் அது. மலிவாகக் கிடைத்த பைன் பலகைகளும் பெருவழக்காக இருந்தன.

இம்மேசையைத் துப்புரவாக வைத்திருக்க மணலே முதற்கருவி. நனைத்த பலகைமேல் நுண்மணலைத் தூவிக் கடின மயிர்த் தூரிகையால் இழை ஓடும் திசையிலே தேய்ப்பர். குறுக்கே தேய்த்தால் நார் கிழிந்து, அடுத்த கறைக்கு வாய் திறந்துவிடும். மணலோடு மரச்சாம்பலைக் கரைத்து வடித்த காரநீரும் பயன்பட்டது. காரம் எண்ணெயைச் சவர்க்காரமாக மாற்றி நீரோடு போக்கும். தும்பும் சாம்பலும் கொண்டு பாத்திரம் விளக்கிய நம் வீட்டுப் பெண்கள் அறிந்திருந்ததும் இதே நுட்பந்தான். பிரான்சு நாட்டு லெப்ளாங் என்பவர் கறியுப்பிலிருந்து சோடா செய்யும் முறைக்கு 1791இல் உரிமை பெற்றார். அதன் பயனாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சலவைச் சோடா மலிவாயிற்று. சாம்பற் பானை சமையற்கட்டை விட்டு மெல்ல நீங்கிற்று.

பிரித்தானியக் கடற்படையினரும் இம்முறையையே கையாண்டனர். கப்பலின் மேற்றட்டுப் பலகைகளை மாலுமிகள் முழந்தாளிட்டு, மென்மையான மணற்கற்களால் நாள்தோறும் தேய்த்து வெளுக்கச் செய்தனர். தொழுவோர் போல் முழந்தாளிட்டமையாற் போலும், அக்கல்லுக்குத் திருக்கல் என்று பொருள்படும் பெயரொன்று அவர்களிடையே வழங்கிற்று.

மணலால் தேய்ப்பதென்பது உண்மையில் கறையை நீக்குவதன்று. கறையேறிய மரத்தையே நீக்குவது. தூரிகை ஒவ்வொரு முறை ஓடும்போதும் பலகையின் ஒரு நூலிழைப் பருமன் கழிந்துபோகும். பைன் மரத்தின் ஆண்டு வளையத்தில் வேனிலின் தொடக்கத்தில் வளர்ந்த பகுதி மென்மையாகவும் பின்னர் வளர்ந்த பகுதி கடினமாகவும் இருக்கும். மென்பகுதி முன்னர்த் தேய, வன்பகுதி வரம்புபோல் எழுந்து நிற்கும். கணுக்கள் குமிழ்களாகத் துருத்தும். பழைய சமையல் மேசையொன்றின்மேல் கண்ணை மூடிக்கொண்டு கையை ஓட்டினாலே அது எத்தனை ஆண்டு தேய்க்கப்பட்டதென்பதை ஓரளவு உணரலாம்.

மேசை மட்டுமா தேய்ந்தது? இங்கிலாந்தின் சுரொப்சயர்ப் பகுதியில் 1833இல் பிறந்த ஹன்னா கல்விக் என்னும் பெண், எட்டு வயதிலேயே வேலைக்குச் சென்றவர். எல்லா வேலையையும் ஒருத்தியே செய்யும் அடிமட்டப் பணிப்பெண்ணாக வாழ்ந்த அவர், 1854 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதினார். ஆதர் மன்பி என்னும் வழக்கறிஞரும் புலவருமான ஒருவர் அவரை எழுதத் தூண்டினார். பின்னர் 1873இல் இருவரும் மறைவாக மணம் புரிந்தனர். அக்குறிப்புகளில் அரசியல் இல்லை, போர்கள் இல்லை. அடுப்பை மூட்டியது, சப்பாத்துகளுக்குக் கருமை பூசியது, படிகளை முழந்தாளிட்டுக் கழுவியது, மேசையையும் தரையையும் தேய்த்தது என்பனவே நாள்தோறும் திரும்பத் திரும்ப வருகின்றன. 1984இல் அவை நூலாக வெளிவந்தபோது, பணிப்பெண்ணின் வேலையைப் பணிப்பெண்ணின் எழுத்திலேயே காட்டும் மிக அரிய சான்றென ஆய்வாளர் அவற்றை வரவேற்றனர். 1891ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் வீட்டு வேலை செய்த பெண்கள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள். வெண்ணிற மேசை அக்கால வீட்டுத் தலைவிக்குப் பெருமை. அந்த வெண்மையைத் தந்த சோடாக் கரைசலோ தேய்த்தவளின் விரல்களைப் பிளந்து புண்ணாக்கிற்று. பழைய இல்லற நூல்கள் மேசைக்கு எத்தனை கைப்பிடி மணல் வேண்டும் என்பதில் காட்டிய அக்கறையைக் கைகளுக்குக் காட்டின என்று சொல்வதற்கில்லை.

மணலும் சோடாவும் வெல்ல முடியாத கறையென மேலே சுட்டிய கருங்கறைக்கு இனி வரலாம். ஓக்கு மரப் பலகைமேல் நனைந்த இரும்புச் சட்டியொன்றை இரவில் வைத்துவிட்டால், விடியும்போது அங்கே கருநீல வட்டமொன்று தோன்றியிருக்கும். துடைத்தாலும் போகாது, சோடா இட்டாற் பலகை முழுவதும் இன்னும் கறுக்கும். ஓக்கு மரத்தில் தனின் என்னும் துவர்ப்பொருள் மிகுதி. இரும்புச் சத்து நீரில் ஊறி அத்துவர்ப்பொருளோடு கூடும்போது, கருநிறமான புதுப்பொருளொன்று மரத்தின் உள்ளேயே பிறக்கின்றது. வெளியிலிருந்து வந்தது இரும்பு மட்டுமே. கருமையின் மறுபாதி மரத்துக்கே உரியது.

இச்சேர்க்கை நம் முன்னோர்க்குப் புதியதன்று. கடுக்காயையும் அன்னபேதியையும் கூட்டி மை செய்தவர்கள் அதனையே செய்தனர். கடுக்காய் ஊட்டிய துணியில், கருப்பட்டி நீரில் ஊறிய இரும்புக் கரைசலால் எழுதிக் கலங்காரிச் சேலையின் கருங்கோடுகளை வரைந்தவர்களும் அதனையே செய்தனர். ஐரோப்பியர் கடுக்காய்க்குப் பதிலாக, ஓக்கு மரத்திற் பூச்சிகளால் உண்டாகும் மாசிக்காயைக் கையாண்டனர். கி.பி. 79இல் வெசூவியசு எரிமலை வெடித்தபோது மாண்ட உரோம அறிஞர் பிளினி, மாசிக்காய்ச் சாற்றில் ஊறிய பாப்பிரசுத் தாளைக் கொண்டு செம்புக் களிம்பில் அன்னபேதி கலந்துள்ளதா என்று சோதிக்கும் முறையை எழுதி வைத்திருக்கிறார். கலப்பிருந்தால் தாள் கறுக்கும். இடைக்காலந் தொட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவின் ஆவணங்கள் பெரும்பாலும் மாசிக்காய் மையினாலேயே எழுதப்பட்டன. தாளில் அழியாதிருக்க வேண்டுமென்று விரும்பிய அதே பொருளை மேசையில் அழிந்தொழிய வேண்டுமென்று மக்கள் விரும்பியது ஒரு வேடிக்கைதான். மைக்கூடு கவிழ்ந்த எழுத்து மேசையும், இரும்புச் சட்டி வைத்த சமையல் மேசையும் ஒரே நோயால் வருந்தின.

மருந்து புளிப்பில் இருந்தது. எலுமிச்சைச் சாறு இளங்கறையை வெளிறச் செய்யும் என்பதை அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஐரோப்பியக் காடுகளில் வளரும் ஒருவகைப் புளியாரையின் சாற்றைக் காய்ச்சி எடுத்த உப்பு அதனினும் வலிது. நம் வயல்வரம்புகளிற் காணும் புளியாரை அச்செடியின் உடன்பிறப்பு; புளிப்பு மிக்க பிலிம்பிக்காயும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. இவற்றின் புளிப்புக்குக் காரணம் எதுவென்பதைத் தெளிவாக்கியவர் சுவீடன் நாட்டு மருந்துக் கடைக்காரர் கார்ல் வில்லெம் சேலே. அவர் 1776இல் சீனியை வெடியமிலத்தோடு சேர்த்துக் காய்ச்சி வெண்பளிங்கான அமிலமொன்றைப் பெற்றார். சீனியிற் பிறந்தமையால் அதனைச் சீனியமிலம் என்றே அழைத்தார். புளியாரையில் உள்ளதும் அதுவே என்பதை 1784இல் நிறுவினார். பின்னர் அது புளியாரையின் இலத்தீன் பெயரைத் தழுவி ஒட்சாலிக் அமிலம் என வழங்கலாயிற்று. தம் 43ஆம் வயதிலே, 1786இல், கோப்பிங் என்னும் சிற்றூரில் இறந்த இம்மனிதர் கண்டறிந்த பொருள்களின் பட்டியல் மிக நீண்டது. கறை நீக்கும் கலைக்கு மட்டுமே அவர் இருமுறை வழி திறந்தார் என்பது பின்னர்ப் புலனாகும்.

ஒட்சாலிக் அமிலம் கறுத்த மரத்திற் செய்வது சுரண்டல் வேலையன்று. தனினின் பிடியிலிருக்கும் இரும்பைத் தன்பால் இழுத்துக்கொண்டு நீரிற் கரையும் சேர்க்கையாக மாற்றிவிடுகின்றது. கரைந்ததை நல்ல நீரால் பலமுறை கழுவி எடுத்துவிட்டால் மரம் தன் பழைய நிறத்தோடு நிற்கும். ஒரு துகள் மரங்கூடக் கழிவதில்லை. தூரிகையோடு ஒரு முற்பகல் முழுவதும் போராடியும் போகாதது, தூரிகையே இன்றிச் சிறிது நேரத்தில் மறைவதைக் கண்டவர்கள் வியந்திருப்பர்.

முதலில் விலை உயர்ந்திருந்த இப்பொருள் விரைவில் மலிந்தது. மரத்தூளை எரிகாரத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அதிலிருந்தே ஒட்சாலிக் அமிலம் கிடைக்குமென்று பிரெஞ்சு அறிஞர் கே-லுசாக் 1829இல் கண்டார். நூற்றாண்டின் நடுப்பகுதியில் மான்செஸ்டர் நகரத்தார் அதனைப் பெருந்தொழிலாக்கினர். ஆக, மேசையின் கறையைப் போக்கும் மருந்து, மேசை செய்தபோது தச்சனின் வாளிலிருந்து உதிர்ந்த தூளிலேயே இருந்தது.

ஆயினும் இம்மருந்து நஞ்சு. இதுவே இவ்வரலாற்றின் இருண்ட பகுதி. உடலுக்குட் சென்ற ஒட்சாலிக் அமிலம் குருதியிலுள்ள கல்சியத்தைப் பற்றிக்கொள்கின்றது; இதயம் சோர்கின்றது; தப்பிப் பிழைப்போர்க்கும் சிறுநீரகம் கெடுகின்றது. அரை அவுன்சு அளவு உட்கொண்டவர் ஒரு மணி நேரத்துக்குள் இறப்பதும் உண்டு. இத்தகைய பொருள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கடைகளிற் சப்பாத்து மேல்விளிம்பை வெளுக்கவும், பித்தளை துலக்கவும், மைக்கறை எடுக்கவும் தாராளமாக விற்கப்பட்டது. அதன் பளிங்குகள் எப்சம் உப்பின் பளிங்குகளைப் பெரிதும் ஒத்திருந்தன. எப்சம் உப்போ வயிற்றைச் சுத்தி செய்ய வீட்டுக்கு வீடு வாங்கும் பேதி மருந்து. அதனை உட்கொள்ளும் அளவும் அரை அவுன்சு, ஓர் அவுன்சு என்றே இருந்தது. கடைக்காரனின் கை தவறிய நாள்களிலும், வீட்டு அலமாரியில் பொதிகள் மாறிய நாள்களிலும், காலையில் பேதிக்கு மருந்து குடித்தவர் நண்பகலைக் காணவில்லை.

புளியாரை உப்பு நிலைமையை இன்னும் சிக்கலாக்கிற்று. அது கடைகளில் எலுமிச்சை உப்பு என்ற பெயரில் விற்கப்பட்டது. எலுமிச்சையில் நஞ்சுண்டென்று எவர் ஐயுறுவர்? பெயர் கொன்றது என்றாலும் பொருந்தும்.

எடின்பரோ நகரத்து மருத்துவர் உரொபட் கிறிஸ்டிசன், குவாந்தே என்பவரோடு சேர்ந்து இந்நஞ்சை ஆராய்ந்து 1823இல் கட்டுரை வெளியிட்டார். நஞ்சை உண்டவர்க்குச் சுண்ணக்கட்டித் தூளையோ மகனீசியாவையோ நீரிற் கரைத்து உடனே கொடுத்தால் அமிலம் அதனோடு கூடிக் கரையாப் பொருளாகி வலியிழக்கும் என்பது அவர்கள் காட்டிய வழி. சுண்ணக்கட்டிக்கு ஓடும் நேரம் இல்லையேல் அறைச் சுவரின் சாந்தை இடித்துக் கரைத்துக் கொடுக்கும்படியும் அக்கால நஞ்சு நூல்கள் கூறின. கடைத்தெருவை அரசு கட்டுப்படுத்தியதோ மிகப் பிந்தியே. 1868ஆம் ஆண்டின் பிரித்தானிய மருந்தாக்கச் சட்டம் ஒட்சாலிக் அமிலத்தை நஞ்சுகளின் பட்டியலிற் சேர்த்து, பொருளின் பெயரும், நஞ்சு என்னும் சொல்லும், விற்பவரின் பெயரும் முகவரியும் எழுதிய சீட்டு ஒட்டாமல் அதனை விற்றலாகாதென விதித்தது. கிறிஸ்டிசனின் கட்டுரைக்கும் இச்சட்டத்துக்கும் இடையே 45 ஆண்டுகள். ஒரு சிறு சீட்டை ஒட்டுவதற்கு அத்தனை காலம் ஏன் வேண்டியிருந்தது என்ற கேள்விக்கு வணிக உரிமையைப் பற்றிய நீண்ட வாதங்களே விடையாகக் கிடைக்கின்றன.

சேலே திறந்த மற்றைய வழி குளோரீன். அவ்வாயுவை அவர் 1774இற் கண்டார். அது நிறங்களை அழிக்கும் ஆற்றலைத் துணிகளுக்குப் பயன்படுத்தலாமென 1785இல் பிரான்சு நாட்டு பெர்த்தொலே காட்டினார். கிளாஸ்கோ நகரத்துச் சார்லசு தெனந்து 1799இல் வெளிற்றுந் தூளுக்கு உரிமை பெற்றார். துணி வெளிற்றும் தொழிலை அது தலைகீழாக மாற்றிற்று. மரத்திலோ அதன் வெற்றி அரைகுறையே. பழச்சாறு, மது, சாயம் ஆகியவற்றின் கறைகள் அதற்கு இணங்கும். இரும்பின் கருங்கறை இணங்காது. மிகையாக இட்டால் மரத்தின் நாரையே அரித்து மயிர்போல் எழச் செய்யும். ஒட்சாலிக் அமிலத்தையும் வெளிற்றும் நீரையும் ஒருசேரக் கலந்தால் இரட்டிப்புப் பயன் கிட்டுமென்று கருதுவோர் இன்றும் உளர். அக்கலவையிலிருந்து நச்சு வாயுவாகிய குளோரீனே எழும். பிரெஞ்சு அறிஞர் தெனார் 1818இற் கண்ட ஐதரசன் பேரொட்சைட்டு வேறு வகையானது. காரத்தோடு சேர்த்துப் பூசினால் அது கறையோடு நில்லாமல் மரத்தின் இயற்கை நிறத்தையும் எடுத்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் தளபாடத் தொழிற்சாலைகள் கருமரங்களை வெண்மரங்களாக்கி விற்க அதனைப் பெரிதும் பயன்படுத்தின.

இத்தனை மருந்துகளும் கைக்கு எட்டிய காலத்தில் வெறுமர மேசையே வீட்டை விட்டு வெளியேறத் தொடங்கிற்று. அமெரிக்கப் பொறியியலாளர் இருவர் 1912இல் மின்காப்புக்கென ஆக்கிய போமைக்கா என்னும் தகடு, இரண்டாம் உலகப் போரின் பின் சமையற்கட்டு மேசைகளின் மேற்பரப்பாகப் பரவிற்று. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தாற் போதும். மணல் இல்லை, சோடா இல்லை. வேலைக்காரரும் அருகிவிட்ட அக்காலத்து இல்லத்தரசிகள் அதனை இருகை நீட்டி வரவேற்றதிற் குறை கூற யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால், 1960களின் பின்னும் 1970களிலும் இங்கிலாந்தில் ஒரு விந்தை நிகழ்ந்தது. நகரத்தார் பழைய பைன் தளபாடங்களைத் தேடித் தேடி வாங்கினர். வெறுமரமாக இருந்தால் மேலும் விரும்பினர். பூச்சுள்ளவற்றை எரிசோடாத் தொட்டிகளில் அமிழ்த்திப் பூச்சை உரித்தெடுக்கும் கடைகள் எழுந்தன. அவ்வலமாரிகளும் பெட்டிகளும் பெரும்பாலும் செய்த நாளிலேயே நிறம் பூசப்பட்டவை. வெறுமரமாக நிற்பதற்கென்று எந்தத் தச்சனும் அவற்றைச் செய்யவில்லை. தொட்டியிலிருந்து எழுந்த தளபாடத்தின் பொருத்துகளில் வச்சிரம் கரைந்து போயிருந்தது. ஓக்கு மரம் கறுத்திருந்தது. நன்கு கழுவாதவற்றிலிருந்து காரம் வெண்பொடியாகப் பூத்தது. பழமையைத் தேடியவர்கள் இல்லாத பழமையொன்றைத் தொட்டியிற் செய்து கொண்டனர்.

தென்மார்க்கு நாட்டார் இவ்விடயத்தில் அமைதியானவர்கள். அவர்கள் ஓக்கு, பீச்சு மர இருக்கைகளுக்கு வார்னிசு பூசாமல், சவர்க்காரச் சீவலை வெந்நீரிற் கரைத்து ஊட்டும் வழக்கத்தைப் போற்றி வந்தனர். சவர்க்காரம் துளைகளில் ஓரளவு தங்கி அழுக்கைத் தடுக்கும். கறை விழுந்தால் அதே கரைசலே அதனைக் கழுவும். மரம் ஆண்டுக்காண்டு வெளிறி மென்மை பெறும். நஞ்சும் இல்லை, சுரண்டலும் இல்லை. பொறுமை மட்டும் வேண்டும்.

வெறுமரம் கறையை உறிஞ்சும் இயல்பு ஒரு குறையென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இறைச்சி வெட்டும் மரப்பலகையின் துளைகளில் நோய்க்கிருமிகள் ஒளிந்திருக்கும் என்று கூறிப் பிளாத்திக்குப் பலகைகளை அதிகாரிகள் பரிந்துரைத்தனர். அமெரிக்காவின் விசுகொன்சின் பல்கலைக்கழகத்து டீன் கிளைவர் என்னும் ஆய்வாளர், மரப்பலகையைப் பிளாத்திக்கைப்போல் தூய்மையாக்க வழி தேடி ஆராயத் தொடங்கினார். அவரும் அவருடைய குழுவினரும் 1994இல் வெளியிட்ட முடிவுகள் வேறாயிருந்தன. மரத்தின்மேல் இட்ட கிருமிகள் துளைகளுக்குள் உறிஞ்சப்பட்டு, மேற்பரப்பில் மீண்டும் அகப்படவில்லை. உள்ளே அவை பெருகாமல் மெல்ல அழிந்தன. கத்தி கீறிய பிளாத்திக்கின் கீறல்களிலோ, கையாற் கழுவிய பின்னும் அவை எஞ்சின. கறையைப் பிடித்து வைத்திருந்த அதே நுண்குழாய்கள் இங்கே காவலாகவும் நின்றிருக்கின்றன. இம்முடிவுகளைப் பற்றி வாதங்கள் எழுந்தன. ஆயினும் மரப்பலகையைக் கண்டவுடன் குற்றவாளியெனத் தீர்ப்பிடும் வழக்கம் அதன்பின் தளர்ந்தது.

தளபாடங்களைப் பேணும் நூதனசாலைத் தொழில்வல்லோரின் நோக்கும் மாறியிருக்கின்றது. பழைய கட்டடங்களைப் புதுக்குவதாகச் சொல்லிச் சுவர்களைச் சுரண்டியவர்களை எதிர்த்து வில்லியம் மொறிசு 1877இல் ஒரு சங்கத்தை நிறுவினார். சுரண்டல் எதிர்ப்போர் என்பது அச்சங்கத்துக்கு வழங்கிய பட்டப்பெயர். கட்டடத்துக்கு அவர் கூறியதைப் பின்னர் வந்தோர் மரப்பொருளுக்கும் ஏற்றுக்கொண்டனர். எழுத்து மேசையொன்றின் மைக்கறை அதில் எழுதியவரின் கை எப்பக்கம் இருந்ததென்பதைக் காட்டலாம். அதனைப் போக்கினால் அச்சான்று போய்விடும். மேலும் ஒட்சாலிக் அமிலம் கறையோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. ஆண்டாண்டாக ஒளியும் காற்றும் பட்டுக் கனிந்த நிறத்தையும் சேர்த்து வெளிறச் செய்துவிடும். கருவட்டம் இருந்த இடத்தில் வெள்வட்டம் ஒன்று தோன்றும். அதனை மறைக்கப் பலகை முழுவதற்கும் அமிலம் பூச நேரும்; பலகை ஒன்று வெளுத்தால் அதன் பக்கத்துப் பலகை கண்ணை உறுத்தும். எனவே நல்ல கைவினைஞர் முதலில் மேசையின் அடிப்புறத்தில் ஒரு துளி இட்டுப் பார்க்கிறார், கையுறை அணிகிறார், உலர்ந்த அமிலத்தூள் மூச்சிற் புகாதபடி காக்கிறார், பல வேளைகளில் எல்லாவற்றையும் ஆயத்தஞ் செய்தபின் கறையை அப்படியே விட்டுவிடவும் துணிகிறார்.

இங்கிலாந்தின் பழைய மாளிகைகள் சிலவற்றிற் கீழ்க்கட்டுச் சமையலறைகள் இப்போது காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அங்கே நீண்ட வெண்மேசைகள் நிற்கின்றன. அவற்றைத் தேய்த்தவர்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. இழைகள் வரம்புகளாகவும் கணுக்கள் குமிழ்களாகவும் எழுந்து நிற்க, தூரிகை மிகுதியாக ஓடிய இடங்கள் மட்டும் சற்றுத் தாழ்ந்து கிடக்கின்றன.